மூன்றாம் மாதத்தில் பெரிதான கட்டி

மாத்திரை ஆரம்பித்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டது. ராத்திரி வியர்வையில் தலையணை நனைவதும் போய்விட்டது. எடை நாலு கிலோ ஏறியிருந்தது. ஆளே தேறிவிட்டாய் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் கழுத்துக் கட்டி பெரிதாகத் தொடங்கியது.

முதலில் அது சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்பட்டது. இடது தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது, தள்ளினால் லேசாக நகரும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் நிணநீர்க்கணுக் காசநோய் என்று வந்தது, அதாவது கழுத்தில் நெறி கட்டுமே, அந்தக் கணுவில் வந்த காசநோய். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இருமல் இல்லை, சளி இல்லை, ஆகவே என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்றார்கள். ஆறு மாத மருந்து. ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதீர்கள் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். கட்டி பெரிதாகலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பத்தாவது வாரம் நெல்லிக்காய். பன்னிரண்டாவது வாரம் எலுமிச்சை. தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. மருந்துக்கு மசியாத டி.பி. என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

"மருந்து வேலை செய்யலையா டாக்டர்?"

அவர் கட்டியைப் பிடித்துப் பார்த்தார். ஒரு பெரிய ஊசியைக் குத்தி உறிஞ்சினார். மஞ்சளாகக் கெட்டியான சீழ் ஊசிக்குழாயில் ஏறியது.

"வேலை செய்யுது. கிருமி செத்துட்டுதான் இருக்கு. உங்க உடம்புக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகலை."

அந்தச் சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். மூலக்கூறுப் பரிசோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டிக்கொடுத்துவிடும், அதை நம்ப முடியாது. உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார். அந்த ஆறு வாரமும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உடம்பு சமாதானம் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன், மருந்து முடிந்த பிறகும் படிப்பதை நிறுத்தவில்லை.

* * *

காசநோய்க் கிருமி காற்றில் வருகிறது. நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது தெறிக்கிற துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். ஈரம் உலர்ந்து, ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுக்குச் சுருங்கிய துகள்கள் மட்டும் மணிக்கணக்கில் மிதக்கும். இதை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி என்பவரின் குழு அழகாக நிரூபித்தது. காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிகள் இருந்த கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். நோயாளியை ஒருபோதும் நெருங்காத அந்த விலங்குகளுக்குத் தொற்று வந்தது. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன.

அவ்வளவு சிறிய துகள் என்பதால்தான் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் எல்லாவற்றையும் தாண்டிக் காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ். கிரேக்கத்தில் 'பெருந்தீனிக்காரன்' என்று பொருள். தூசியோ பாக்டீரியாவோ செத்த செல்லோ, எது வந்தாலும் வாரி விழுங்குவது அதன் தொழில். செல்கள் இப்படி விழுங்கும் என்பதை இலியா மெச்னிகாஃப் கண்டது 1882இல், இத்தாலியின் மெசினாவில். நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அதே ஆண்டு மார்ச் 24ஆம் தேதிதான் பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கிருமியும் அதை விழுங்குகிற செல்லும் ஒரே வருடத்தில் மனிதன் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள உறவு புரிய இன்னொரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

மேக்ரோஃபேஜ் விழுங்கிய பொருள் ஒரு சவ்வுப் பைக்குள் போகும். அந்தப் பையோடு லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து சேரும். அதற்குள் அமிலமும் செரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. சாதாரண பாக்டீரியாவுக்கு அதோடு கதை முடிந்தது. காசநோய்க் கிருமி இந்த இரண்டு பைகளும் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. 1971இல் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் காட்டினார்கள். பிற்பாடு தெரிந்தது இன்னும் மோசம்: பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் உட்பகுதிக்கே வந்துவிடுகிற வித்தையும் அதனிடம் இருக்கிறது. அதன் மேற்சுவர் மைக்காலிக் அமிலங்களால் ஆன ஒரு மெழுகுக் கவசம். சாயம் ஏற்றிவிட்டு அமிலத்தால் கழுவினாலும் சிவப்புப் போகாது. சளிப் பரிசோதனையில் நீல வயலில் சிவப்புக் குச்சிகளாக அது தெரிவது இதனால்தான்.

ஆக, தன்னைத் தின்ன வந்தவனின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அவசரமும் கிடையாது. குடலில் இருக்கும் ஈ. கோலி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதற்குச் சுமார் இருபது மணி நேரம் வேண்டும்.

* * *

நோய் எதிர்ப்பு அமைப்பின் அடுத்த அடுக்கு டி செல்கள். ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும் அறியும். அந்த அடையாளம் நிணநீர்க்கணுவில்தான் அவற்றுக்குக் காட்டப்படுகிறது. நுரையீரலில் கிருமியைப் பிடித்த டென்ட்ரிடிக் செல்கள் அதை அருகிலுள்ள கணுவுக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. பல தொற்றுகளில் இது ஓரிரு நாளில் நடந்துவிடும். காசநோயில் அப்படியில்லை. எலிகளில் கிருமி கணுவுக்குப் போய்ச் சேரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மனிதர்களில் எதிர்வினை வெளியே தெரிய இரண்டிலிருந்து எட்டு வாரம். அதற்குள் ஒன்றாக வந்தது ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும். தூதுபோகிற செல்லைக் கிருமி தாமதப்படுத்துவதும் இதற்கு ஒரு காரணம்.

இதைப் படித்தபோது கை தன்னால் கழுத்துக்குப் போனது. டி செல்களுக்குப் பாடம் நடக்கிற பள்ளிக்கூடம் நிணநீர்க்கணு. எனக்கு நோய் வந்ததே பள்ளிக்கூடத்தில். மாதிரி காட்டக் கொண்டுவந்த கிருமி அங்கேயே தங்கிவிட்டது.

பாடம் முடிந்துவிட்டதா என்பதைத் தோலில் பார்க்கலாம். அதுதான் மாண்டூ பரிசோதனை. எனக்கும் செய்தார்கள். முன்கையின் உட்புறம், தோலுக்குள்ளேயே, 0.1 மில்லி மருந்து. ஊசி எடுத்ததும் ஒரு வெளிறிய கொப்புளம் எழும்பி, சற்று நேரத்தில் அமுங்கிவிட்டது. சொறியக் கூடாது என்றார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நினைப்பே வந்திருக்காது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலையில் அந்த இடம் சிவந்து, தோலுக்கடியில் ஒரு தகடு வைத்ததுபோல் கெட்டித்திருந்தது.

அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வக உதவியாளர் ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, வீக்கத்துக்கு வெளியே நல்ல தோலில் வைத்து, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். வீக்கத்தின் விளிம்பில் பேனா முட்டி நின்றது. அங்கே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதேபோல். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து, "பத்தொன்பது" என்று எழுதிக்கொண்டார். சிவப்பு அதைவிட அகலமாகப் பரவியிருந்தது. அதை அவர் சட்டையே செய்யவில்லை. கெட்டிப்புதான் கணக்கு. கெட்டிப்பு என்பது அந்த இடத்துக்கு வந்து கூடிய டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும். அவை வந்து சேர 48 முதல் 72 மணி நேரம் பிடிப்பதால்தான் மூன்றாம் நாளுக்குள் வந்து காட்டச் சொல்கிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். ஊசியில் போட்டது உயிருள்ள கிருமி அல்ல, அதன் புரதம் மட்டும். அதனால் யாருக்கும் காசநோய் வராது. ஆனாலும் என் கை வீங்கிச் சிவந்து வலித்தது. செய்தது முழுக்க நான்தான்.

இந்தப் புரதக் கலவைக்கு ஒரு சோகமான பூர்வகதை உண்டு. 1890இல் காக் இதை டியூபர்குலின் என்ற பெயரில் காசநோய்க்கான மருந்தாக அறிவித்தார். உலகமெங்கும் இருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். ஊசி போட்ட நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது, நோய் இருந்த இடங்கள் கொதித்துக் கிளம்பின, சிலர் செத்தும் போனார்கள். உலகின் மிகப் பெரிய நுண்ணுயிரியலாளர் தன் நோயாளிகளின் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டிவிட்டு, அதைக் குணம் என்று நினைத்துக்கொண்டார். 1907இல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, அதே பொருளைத் தோலில் கீறி நோயைக் கண்டறியப் பயன்படுத்தினார். மறு வருடம் சார்ல் மாண்டூ தோலுக்குள் ஊசியாகப் போடும் முறையைக் கொண்டுவந்தார். நோயைக் குணமாக்காத மருந்து, நோயைக் காட்டும் கருவியாகப் பிழைத்துக்கொண்டது.

* * *

கணுவில் தயாரான டி செல்கள் நுரையீரலுக்குத் திரும்பி வந்ததும் நடப்பதுதான் இந்த நோயின் மையம். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியை விடுகின்றன. அது பட்டதும் தூங்கிக் கிடந்த மேக்ரோஃபேஜ் விழித்துக்கொள்கிறது. கிருமி தடுத்து வைத்திருந்த பைகள் சேரத் தொடங்குகின்றன. இந்தச் செய்தி எவ்வளவு அவசியம் என்பது 1996இல் தெரிந்தது. இன்டர்ஃபெரான் காமாவை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்கு, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமியே உடம்பு முழுக்கப் பரவி உயிரை எடுத்தது.

மேக்ரோஃபேஜ்கள் கிருமியைச் சுற்றி அடுக்கடுக்காகக் கூடுகின்றன. சில ஒன்றோடொன்று ஒட்டி, பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாகின்றன. வெளி வட்டத்தில் டி செல்கள். அதற்கும் வெளியே நார்த்திசு. இந்த உருண்டைக்கு கிரானுலோமா என்று பெயர். நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டிபோல் உதிரும். என் ஊசிக்குழாயில் ஏறிய மஞ்சள் அதுதான்.

நெடுங்காலம் இதைச் சிறைச்சாலை என்றே பாடப்புத்தகங்கள் எழுதின. கொல்ல முடியாத கிருமியை உடம்பு சுவர் எழுப்பிப் பூட்டி வைக்கிறது, ஆயுசு முழுக்க அது உள்ளேயே கிடக்கிறது, காவல் தளர்ந்தால் வெளியே வருகிறது. கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் காசநோய் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இதைப் பார்த்தபோது வேறு காட்சி கிடைத்தது. அந்தக் குஞ்சுகள் கண்ணாடி போன்றவை. உள்ளே செல்கள் நகர்வதை உயிரோடு பார்க்கலாம். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மெரைனத்தைச் செலுத்தினால், கிரானுலோமா உருவாக ஆரம்பித்ததுமே புதுப்புது மேக்ரோஃபேஜ்கள் அங்கே ஓடி வருகின்றன. அங்கே செத்துக் கிடக்கும் தொற்றுற்ற செல்லை விழுங்குகின்றன. விழுங்கியவற்றுக்குள் கிருமி புகுந்துகொள்கிறது. அவற்றில் சில கிளம்பிப் போய் வேறிடத்தில் இன்னொரு கிரானுலோமாவுக்கு வித்திடுகின்றன. 2009இல் வந்த இந்த ஆய்வுக்குப் பிறகு சிறைச்சாலை என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. சத்திரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்காகக் கிரானுலோமா முழுக்கக் கெடுதல் என்றும் ஆகிவிடாது. பிட்ஸ்பர்க்கில் ஜோயான் ஃபிளின் குழு குரங்குகளில் கண்டது இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு கிரானுலோமாவும் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்குகிறது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில், ஒரு கிரானுலோமாவில் கிருமி முற்றாக ஒழிந்திருக்கும். பக்கத்தில் இன்னொன்றில் பெருகிக்கொண்டிருக்கும். 'இவருக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது', 'அவருக்குக் குறைவு' என்று ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடுகிற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. ஒரே ஆளுக்குள் ஒரு மூலையில் வெற்றி, இன்னொரு மூலையில் தோல்வி.

உலக மக்கள்தொகையில் சுமார் கால்பங்குப் பேருக்கு இந்தக் கிருமியின் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோயாகிறது, அதிலும் பெரும்பகுதி தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளில். மற்றவர்களில் எத்தனை பேரிடம் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது? மாண்டூவோ, இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் ரத்தப் பரிசோதனையோ அதைச் சொல்லாது. இரண்டும் கேட்பது டி செல்களின் ஞாபகத்தை. வந்தவன் போய்விட்டானா என்பது ஞாபகத்துக்குத் தெரியாது.

* * *

தமிழில் காசநோய்க்கு எலும்புருக்கி என்று ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவர்கள் கிருமியைப் பார்த்ததில்லை, உருகுகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறார்கள். உருக்குவது யார்?

1980களில் அமெரிக்காவில் இரண்டு வேறு ஆராய்ச்சிகள் ஒரே இடத்தில் வந்து முட்டின. ஒரு பக்கம், புற்றுக்கட்டிகளை அழிக்கும் ஒரு புரதத்தைத் தேடியவர்கள் அதற்கு டி.என்.எஃப். என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், நீடித்த தொற்றில் விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாகின்றன என்று தேடிய ஆந்தனி செராமி, புரூஸ் பியூட்லர் ஆகியோர் தங்கள் புரதத்துக்கு 'கேச்செக்டின்' என்று பெயரிட்டார்கள். கேச்செக்சியா என்றால் உடல் உருகல். 1985 வாக்கில் இரண்டும் ஒரே புரதம் என்று தெரிந்தது. அதைச் சுரப்பவற்றில் முதன்மையானது மேக்ரோஃபேஜ். காய்ச்சலை ஏற்றுவது, பசியைக் கொல்வது, சதையைக் கரைப்பது எல்லாம் அதன் வேலையில் அடக்கம். எலும்பை உருக்கியது நம் வீட்டு ஆள்தான்.

அப்படியானால் டி.என்.எஃப்.பை அடைத்துவிட்டால் நல்லதுதானே? அதையும் செய்து பார்த்தாகிவிட்டது, வேறு நோய்க்காக. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் டி.என்.எஃப்.பை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து வந்தது. 2001இல் வெளியான ஓர் அறிக்கை, அந்த மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பட்டியலிட்டது. பலருக்கு மூன்று மாதத்துக்குள்ளாகவே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. கிரானுலோமாவை நிறுத்தி வைத்திருந்த தூணை எடுத்தால் கூரை இறங்கிவிடும் என்று அப்போது புரிந்தது. இன்று அந்த வகை மருந்து தொடங்கும் முன் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

குறைந்தால் ஆபத்து. சரி, கூடினால்? டி செல்கள் அளவுக்கு மீறாமல் இருக்க பி.டி.-1 என்று ஒரு கடிவாளம் உண்டு. அந்தக் கடிவாளமே இல்லாத எலிகளை உருவாக்கிக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். கட்டுப்பாடற்ற டி செல்கள் கிருமியை ஒரே வாரத்தில் துவைத்துப் போட்டிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த எலிகள் சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் செத்தன, அழற்சி முற்றிய நுரையீரலோடு. புற்றுநோய்க்கு பி.டி.-1ஐ அடைக்கும் மருந்து எடுத்த சிலருக்கும் அடங்கியிருந்த காசநோய் கிளம்பியிருக்கிறது.

மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயில் கிருமிக்கொல்லியோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு அமைப்பை அமர்த்துகிற மருந்து, தொற்று நோய்க்கு! வியட்நாமில் 545 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், அதைச் சேர்த்துக் கொடுத்தவர்களிடையே இறப்பு குறைந்தது. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை, அங்கே சண்டையே ஆளைக் கொன்றுவிடும். எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் சில வாரங்களில் நிலைமை மோசமாவது உண்டு. எதிர்ப்பு அமைப்பு எழுந்து உட்கார்ந்து, அதுவரை கவனிக்காமல் விட்ட கிருமிகளை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடுகிறது.

என் கட்டியும் இந்தக் குடும்பம்தான். மாத்திரை கிருமிகளைக் கொல்லக் கொல்ல, உடைந்த கிருமிகளின் மெழுகும் புரதமும் கணுவுக்குள் கொட்டின. டி செல்கள் அதைப் பார்த்தது உயிருள்ள கிருமியாகவா, குப்பையாகவா? அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. முன்கையில் 0.1 மில்லிக்கு நடந்ததுதான் கழுத்தில் நாள்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. நிணநீர்க்கணுக் காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறதாம். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

* * *

படித்ததில் என்னை எழுந்து நடக்கவைத்த விஷயம் ஒன்று.

பெரும்பாலான நோய்க்கிருமிகள், எதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணும் பகுதிகளை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். ஃப்ளூவுக்கு வருடா வருடம் தடுப்பூசியை மாற்றுவது அதனால்தான். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதிகளை உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010இல் வந்தது. டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள் மாறியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பகுதிகள்தான் கிருமியின் மரபணுத் தொகுதியிலேயே மிகக் குறைவாக மாறியவை. ஒளிந்துகொள்ள வேண்டிய முகத்தை அது தலைமுறை தலைமுறையாக அப்படியே வைத்திருக்கிறது.

ஏன்? கிருமிக்கு ஓர் ஆளைக் கொல்வதில் லாபமில்லை, அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். அதற்கு நுரையீரலில் ஒரு துவாரம் வேண்டும், மூச்சுக்குழலுக்குத் திறக்கிற துவாரம். கிரானுலோமாவின் நடுப்பகுதி கரைந்து, நுரையீரலைத் தாங்கும் கொலாஜன் நார்கள் அரிக்கப்பட்டு, அது மூச்சுக்குழலுக்குள் உடையும்போது அந்தக் குழி உருவாகிறது. பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும் அந்தக் குழியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது, ஒவ்வொரு இருமலுக்கும் வெளியே வருகிறது. கொலாஜனை அரிக்கும் நொதிகள் யாருடையவை? நம் செல்களுடையவை. சி.டி.4 என்ற வகை டி செல்கள் மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி. நோயாளிகளின் நுரையீரலில் கிருமி இருந்தாலும் குழி விழுவது குறைவு. அவர்களிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் குறைவு.

டி செல்கள் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது கிருமியின் தேவை என்று பல ஆராய்ச்சியாளர்கள் இப்போது நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கோட்டையைப் பிடிக்க வந்தவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கோட்டை வேண்டாம். உள்ளிருப்பவர்கள் கோபத்தில் ஒரு சுவரை உடைத்துவிட்டால் போதும், அந்த வழியாக அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

தடுப்பூசி இந்த நோயில் ஏன் இவ்வளவு சண்டித்தனம் செய்கிறது என்பதற்கும் இது கொஞ்சம் விடை சொல்கிறது. ஆல்பெர் கால்மெத், காமில் கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம், 230 முறை மறுவளர்ப்புச் செய்து சாதுவாக்கி, 1921இல் முதல்முறை ஒரு குழந்தைக்குக் கொடுத்த பி.சி.ஜி.தான் இன்றும் நம்மிடம் இருப்பது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் காசநோயை அது நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோய் என்று வந்தால் ஓரிடத்தில் பலன், ஓரிடத்தில் பூஜ்யம். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரும் ஆய்வில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. டி செல்களுக்குக் கிருமியைக் காட்டிக்கொடுப்பது மட்டும் போதாது போலிருக்கிறது. ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களிடம் எம்72 என்ற புதிய தடுப்பூசி நோயைச் சுமார் பாதியாகக் குறைத்தது. பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது. முடிவுக்குக் காத்திருக்கிறேன்.

நான் படுத்திருந்த நாட்களில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பில் சொன்னது. ஆனால் கூட்டுவது என்றால் எதை? வைட்டமின் டி மேக்ரோஃபேஜுக்கு உதவும் என்று சோதனைக் குழாயில் தெரிந்தது. மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்ததில் காசநோய்த் தொற்று குறையவில்லை. ஆனால் ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பட்டினி கிடக்கிற உடம்பில் டி செல்லும் பட்டினி. அதற்குச் சோறு போடுவதைக் 'கூட்டுவது' என்று சொல்வதற்கில்லை, இருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது.

* * *

டாக்டர் எனக்கு ஸ்டீராய்டு தரவில்லை. கழுத்தில் வீங்க இடம் இருக்கிறது, மூச்சுக்குழலை அழுத்தவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டு முறை உறிஞ்சி எடுத்தார். இரண்டு முறையும் பத்து நாளில் நிரம்பிக்கொண்டது. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

பதினெட்டாவது வாரம் வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்தது. வாங்கப் போன அன்று விடியற்காலையில்தான் கட்டி தானாக உடைந்திருந்தது. சட்டைக் காலரெல்லாம் மஞ்சள். பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தபடி காகிதத்தை நீட்டினார். 42 நாள் வளர்த்துப் பார்த்ததில் கிருமி வளர்ச்சி எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சு மறுபடியும் நனைந்துவிட்டது.